கழற்றிக் கொடுக்காத சக்கரங்கள்

சோப்புப் போட்டுத் தேய்த்தும் கட்டைவிரலில் டயர்க் கறுப்பு போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் ரப்பர் வாசனை. நீ இருந்தவரை இது உன் கையின் வாசனை. நான் பக்கத்து சீட்டில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பேன்.

இன்று நம் வேனை எஃப்.சி.க்குக் கொண்டுபோனேன். ஓராண்டாகப் பட்டறையில் கிடந்த வண்டி. அதற்குள் நானும் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டி, ஓடத் தகுதியானது என்று சான்று வாங்கினால்தான் மறுபடி பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற முடியும். எனக்கும் உன் அம்மாவுக்கும் வேறு வழி இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நாம் சேர்ந்து வாங்கிய வண்டியில் நீ ஓட்டுநர், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். எஃப்.சி.க்கு முந்தின மாலை நீ பிடிக்கும் பிடி நினைவிருக்கிறது. "ஏட்டி, கதைல அவ செத்தாளா பொழைச்சாளான்னு பொறவு பாரு. பின்னால போயி லைட்டு எரியுதான்னு சொல்லு." நான் போய் நின்று "எரியுது" என்று கத்துவேன். "எது எரியுது? பிரேக்கா, இண்டிகேட்டரா? வயிறு எரியுதுன்னாலும் இப்படித்தான் மொட்டையாக் கத்துவியா?" பிளவக்கல் அணைக்குச் சுற்றிப்பார்க்கப் போன இடத்தில்கூட, சரிவில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, வண்டி நகர்கிறதா என்று கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவள் நீ. நான் தண்ணீரைப் பார்த்தேன். நீ சக்கரத்தைப் பார்த்தாய்.

நேற்று மாலை அதையெல்லாம் தனியாகச் செய்தேன். வைப்பரை ஓடவிட்டேன். ஹாரன் அடித்தேன். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்தை மாற்றினேன். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்தேன். பிரேக் லைட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். மிதிக்க நான் இருக்கிறேன். பின்னால் நின்று சொல்ல யாரும் இல்லை. பிறகு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தி மிதித்தேன். கண்ணாடியில் சுவர் சிவந்தது. "எரியுது" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

நல்ல டயர் மட்டும்தான் இல்லை. வேனோடு பட்டறையிலிருந்து வந்தவை வரி தேய்ந்துபோன நாலு மொட்டை டயர்கள். அப்போதுதான் நம் ஸ்டாண்டில் வேன் ஓட்டும் சூசை அண்ணன் தன் வண்டியில் நம் சக்கரங்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

நீ ஆசையாக வாங்கிய சக்கரங்கள். நம் எஃப்.சி. முடிந்த அன்றே ஸ்டாண்டில் ஆள் வந்துவிடும், "நாளைக்கு என் வண்டிக்கு எஃப்.சி., ஒரு நாளைக்குச் சக்கரத்தைக் குடு" என்று. அவர்கள் வண்டியின் மொட்டைச் சக்கரங்கள் நம் வேனுக்கு வரும், நம்முடையவை அங்கே போகும். சாயங்காலம் மறுபடி மாற்றிக்கொள்வீர்கள். ராஜபாளையம் ஸ்டாண்டில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுப்பது போலத்தான். நான் முணுமுணுத்தால், "ஒரு நாளுதானே ஏட்டி, அவியளும் பிள்ளகுட்டிக்காரவிய" என்பாய்.

போன வருடம் அந்த ஒரு நாள் சூசை அண்ணனுடையது. மழை. வன்னியம்பட்டிப் பக்கம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, அங்கே உறவுக்காரர் வீட்டுக்குப் போவதற்காக நானும் இறங்கினேன். "மழை வலுக்குது, போறேன் ஏட்டி" என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பினாய். வளைவில் பிரேக் பிடித்திருக்கிறாய். பிரேக் நன்றாக இருந்தது. பிடித்துக்கொள்ள டயரில் ஒன்றும் இல்லை. புளியமரத்தில் இன்னும் அந்தக் காயம் இருக்கிறது.

அதன் பிறகும் நம்முடைய நாலு நல்ல சக்கரங்களும் ஸ்டாண்டில் வண்டிக்கு வண்டி மாறிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. நேற்று அவற்றை நம் வேனில் மாட்டிவிட்டு, தன் மொட்டைச் சக்கரங்களை எடுத்துக்கொண்டு சூசை அண்ணன் சொன்னார்: "ஒங்க டயருதான் தாயி. முடிச்சுட்டு வந்ததும் மாத்திக்கிடலாம். நாளன்னைக்கு எனக்கு எஃப்.சி."

நாளன்னைக்கு. அதாவது நாளை. நீ போய் ஒரு வருடம் ஆகும் நாள். அவருக்கு அது நினைவில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இன்று ஆய்வாளர் எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் குனிந்து டயரின் வரிகளில் விரலை வைத்து, "நல்லாருக்கு" என்றார். போன வருடமும் இப்படித்தான் இரண்டு நாள் அடுத்தடுத்து இதே சக்கரங்கள் இங்கே வந்தன, முதல் நாள் நம் வேனில், மறுநாள் சூசை அண்ணன் வண்டியில். இரண்டு வண்டிகளும் தேறின. யாரும் குனிந்து பார்க்காத சாலையில் அவர் மொட்டை டயரோடு நீ இருந்தாய்.

திரும்பி ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது அவர் ஜாக்கியோடு நின்றிருந்தார். நான் இறங்கவில்லை.

"செத்த நேரம் இறங்கும்மா. மாத்திருவோம்."

"மாட்டேன்ணே."

"என்னம்மா, வெளையாடுதியா? என் மொட்ட டயரோட போனா திருப்பி அனுப்பிருவாவ. வண்டி ஓடலன்னா வீட்டுல அடுப்பு எரியாது."

"நீங்க மொதல்ல டயரு வாங்குங்கண்ணே. பொறவு போங்க."

"எம்புட்டு லேசாச் சொல்லிட்ட!" ஜாக்கியைக் கீழே போட்டார். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவர் குரல் இறங்கியது. "அவ இருந்தா குடுத்திருப்பா."

"குடுத்திருப்பாண்ணே. அதான் அவ இல்ல."

அவர் அப்படியே நம் வேனின் பம்பரில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு இறங்கி அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. இறங்கினால் கொடுத்துவிடுவேன் என்று பயந்து, கதவைப் பூட்டி, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார். "படிச்ச பொண்ணு, கல்நெஞ்சு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

நீ இருந்தால் என்னைத் திட்டியிருப்பாய். அவர் பிள்ளைகளுக்கு நாளை என்ன சமைப்பார்கள் என்று கேட்டிருப்பாய். நான் செய்தது சரிதானா என்று கேட்க எனக்கிருந்த ஒரே ஆள் நீதான். மொட்டை டயரோடு அவர் நாளை வேறு யாரிடமாவது இரவல் கேட்பார். யாராவது கொடுப்பார்கள். அந்த யாரோ ஒருவர் நாளை அவர் மொட்டை டயரில் வளைவில் பிரேக் பிடிப்பார். இதை நினைத்தால் தூக்கம் வராது.

மழை பிடித்துவிட்டது. வாசலுக்குப் போய் நாலு சக்கரங்களையும் மறுபடி கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். வரிகள் ஆழமாகத்தான் இருக்கின்றன. விரலில் கறுப்பு இன்னும் கூடிவிட்டது. இனி கழுவப்போவதில்லை.