மருதானையில் இறங்கு

பதுளை,
1925 நவம்பர் 3

அன்பு மகன் சிவஞானத்துக்கு,

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு இருமல் வழக்கம்போல, மற்றபடி வீட்டில் குறையில்லை. கண்டியில் நீயும் நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். தந்தி உத்தியோகப் பரீட்சைக்கு அடுத்த வியாழன் காலை எட்டு மணிக்குக் கொழும்பில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். வயது வரம்பின்படி உனக்கு இதுதான் கடைசித் தடவை. ஆகையால் புதன் மாலை அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து படுக்கும் வரை நீ எப்படி இருக்க வேண்டும் என்று நாலு நாள் யோசித்து, இரண்டு தாள் கிழித்து, இதை எழுதுகிறேன், அப்படியும் சரியாக யோசித்தேனா என்பது நிச்சயமில்லை.

முதலில் என் குற்றம். நீ போகும் செய்தியைக் கடைத்தெருவில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். துணிக்கடை வைரவநாதன் உடனே, கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்குத் தன் மச்சான் வருவார், ராத்திரிச் சாப்பாடு அங்கேதான் என்றார், சரி என்றேன். எதிர்க்கடை ஜெயராசா அதைக் கேட்டுவிட்டு, தன் அண்ணன் மோட்டார் கொண்டுவருவார் என்றார்; அதற்கும் சரி என்றேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் பிறர் எழுதியதை நகல் எடுத்தவனுக்கு வேறு சொல் வருவதில்லை. இவர்களுடைய உபசாரம் எனக்குத் தெரியும். அந்த மச்சான் பதுளையிலிருந்து யார் போனாலும் கிராமபோனுக்கு முன்னால் உட்காரவைத்து, இலையில் பதினாறு வகை போட்டு, எந்தத் தோட்டத்தில் துரை மாறினார், எந்த வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்று பிடுங்கியெடுப்பார். வந்தவன் விழுங்கினானா விக்கினானா என்று பார்க்கமாட்டார். ஜெயராசாவின் அண்ணன் நாலு தெரு சுற்றுவது கடலைக் காட்டுவதற்கு அல்ல, மோட்டாரைக் காட்ட. இரண்டு வீட்டிலும் பரீட்சை என்றால் என்னவென்று தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது. இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு விருந்தைத் தின்றுவிட்டு மறுநாள் கணக்குத்தாளின் மேல் தூங்கிப்போனவன் நான், அதனால்தான் கடைசிவரை நகல் எழுதினேன்.

ஆகையால் கோட்டைக்கு முந்தின மருதானையிலேயே இறங்கிவிடு. இரும்புக்கடை ஜௌபரின் அண்ணனுக்கு அங்கே கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. தம்பி வந்து படுத்தாப் போதும், ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க என்று ஜௌபர் சொன்னார். இந்த ஊரில் நான் கண்ட ஒரே உபசாரம் அதுதான். வெந்நீரில் முகம் கால் கழுவு. வெளிச்சம் இருக்கும்போதே பரீட்சை மண்டபம் வரை ஒருதரம் நடந்து, எத்தனை நிமிடம், எந்த வாசல் என்று பார்த்துவிட்டுத் திரும்பு. இடியப்பமும் சொதியும் போதும், பொரித்தது வேண்டாம். பென்சில் சீவி வைத்துவிட்டு எட்டு மணிக்குப் படு, தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிட, புத்தகத்தைத் தொடாதே.

இவ்வளவும் எழுதி உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுங்க கோட்டையில காத்துக் கெடக்கட்டும், புள்ள திருடனாட்டம் முந்தின ஸ்டேஷன்ல எறங்கட்டும்னா எழுதுறீங்க, வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல இந்த வாய்க்கு என்னா நோவு என்று கேட்டாள். குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். இரண்டு பேரும் வைரவநாதன் கடையிலேயே இருந்தார்கள். மகன் விருந்துக்கு வரமாட்டான் என்று சொன்னேன், நாக்கு இரண்டு தரம் தடுக்கியது. வைரவநாதன் கத்தரிக்கோலைக் கீழே வைத்து, என்னா வீரய்யா, ஒங்க மகனுக்கு எங்க சோறு எறங்காதோ என்றார். துணி எடுக்க நமுனுகுலவிலிருந்து வந்திருந்த தோட்டத்து ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எறங்காதுங்க என்றேன். ஜெயராசா சிரித்தார். ஒங்க மோட்டாரும் வேணாங்க என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது.

ஆகவே நீ ஒளிந்து இறங்க வேண்டியதில்லை, நிமிர்ந்தே இறங்கு. வந்த அவசரத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டேன். அம்மா போய் எடுத்துவரச் சொல்கிறாள். இந்த மழைக்காலம் முழுவதும் நனைந்துகொள்கிறேன். அந்தக் கடைப்படி மறுபடி ஏறினால் சரி என்று சொல்லிவிடுவேன்.

கதிர்காமத்தான் உன் கையைப் பிடித்து எழுதவைக்கட்டும். அனுமதிச் சீட்டைப் பெட்டியில் வைக்காதே, சட்டைப் பையில் வை.

உன் நலமே நினைக்கும் தகப்பன்,
வீரய்யா