ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே இருவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். ஒருவர் நலம்; அது நான். நம் மகளின் மதியச் சாப்பாடு கொடுத்தபடியே திரும்பி வருகிறது. வீணாக்கக் கூடாதென்று நானே தின்று, ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்த இடத்தை ஒழித்துவிட்டேன்.

இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பேசும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.

மூன்று மாதமாகக் காலையில் அவளுக்கு வயிற்றுவலி. விடுமுறையில் வராது. காலண்டர் பார்க்கத் தெரிந்த வலி என்று நான் வேறு கிண்டல் செய்தேன். டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லைங்க, பள்ளிக்கூடத்துல என்னன்னு விசாரிங்க" என்றார். கணக்கில் எண்பத்தெட்டு வாங்கியவள் இந்தத் தடவை நாற்பத்தொன்று. எட்டாவதோடு நின்ற என் மூளை ஒட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்திருந்தேன்.

விசாரிக்க நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. போன வாரம் வியாழக்கிழமை பள்ளி விட்டு அவள் நம் வேனில் ஏறும்போது ஒரு வாண்டு, "டிரைவர் மாமா, உருண்டை ஏறுது, டயர் தாங்குமா?" என்றது. வேனே சிரித்தது. நானும் சிரித்து, "புது டயருடா, தாங்கும்" என்றேன். அப்புறம்தான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அழவில்லை. மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நாம் வைத்த செல்லப்பேர் வெளியே எப்படிப் போனது என்று கேட்பாய். பள்ளி திறந்த அன்று தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாளென்று, வாசலில் ஹாரன் அடித்து "உருண்டை" என்று கத்தியது நான்தான். எல்லோரும் சிரிக்க, குனிந்து வணக்கம் வேறு வைத்தேன். இப்போது வகுப்பில் பதில் சொல்ல அவள் எழுந்தாலே பின்வரிசையில் தொம் தொம்மென்று காலால் தட்டுகிறார்களாம். அதனால் எழுந்திருப்பதே இல்லையாம். வகுப்பு டீச்சர் சொன்னார். இனிக் கவனிப்பதாகவும் சொன்னார். வேனில் அந்தப் பேர் கூடாதென்று நான் சட்டம் போட்டேன். இப்போது பேசாமல் கன்னத்தை உப்பிக் காட்டுகிறார்கள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சும்மாதானேப்பா சொன்னீங்க" என்று என்னையே தேற்றினாள். அன்றைக்கு அந்த டப்பாச் சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை.

ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை எடுத்த எடுப்பில் "என் உருண்டை" என்று ஆரம்பிப்பாய். வேண்டாம். பள்ளியில் எழுதிக்கொடுத்த முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிடு. நானும் வேன் கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். யாரோ வீட்டுப் பிள்ளையின் பேர் மாதிரி இருக்கிறது. சாப்பிட்டாயா என்றும் கேள். என்னிடம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறாள்.

முன்பெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கதையளப்பாள். இப்போது கடைசி சீட். அது தெரியும்படி கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

உன் ஆஸ்பத்திரியில் லீவு கொடுத்தால் வா. கொடுக்காவிட்டால் உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயாவது சாப்பிடு.

இப்படிக்கு,
உன் வேன்காரன்