படம் வரும் வரை

மார்ச் 4
மறுபடியும் நின்றுவிட்டது. ஆபீஸ் கணினியின் திரையை இங்கே வீட்டில் ஒரு ஜன்னலாகத் திறந்து, கட்டட வரைபடங்களைத் திருத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு. இந்தப் பழைய கணினிக்கு அதற்கே மூச்சு வாங்குகிறது. கிளிக் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செய்தேன். இரண்டும் சேர்ந்து போய், யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியையும் பக்கத்துக் குளியலறையையும் அழித்துவிட்டன.

மேற்பார்வையாளர் ஃபோனில், "இந்த மாசம் பாருங்க. முடியலேன்னா ஆபீசுக்கே வந்துடுங்கம்மா" என்றார். நான் போய்விட்டால் என் வீட்டுக்காரரை யார் புரட்டிப் படுக்க வைப்பது? விபத்துக்குப் பிறகு இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

மார்ச் 5
முதுகு வலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 9
ஆபீசில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர், வயர் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், வீட்டுக்கே வந்தார். பின்னணிப் படத்தை எடுத்தார், நிறங்களைக் குறைத்தார், முழுத் திரைக்குப் பதில் வரைபட ஜன்னல் மட்டும் வரும்படி செய்தார்.

"இது இனிமே வேலை பார்க்காதும்மா, வேடிக்கைதான் பார்க்கும். வேலையெல்லாம் ஆபீஸ்ல இருக்கிற கணினி பார்த்துக்கும்."

"அப்போ எனக்கு ஒரு ஜோடி கிடைச்சாச்சு" என்றார் இவர், கட்டிலிலிருந்து. அண்ணன் சிரித்தார். என்னால் முடியவில்லை, சமையலறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 17
ஓடுகிறது. நிறமெல்லாம் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது, போகட்டும். ஒவ்வொரு படமும் சுவர் சுவராக வருகிறது, கதவுகள் கடைசியில். அதற்குள் இவரைப் புரட்டிவிடுகிறேன், தண்ணீர் கொடுக்கிறேன்.

"வீடு கட்டி முடிச்சாச்சா?"

"இன்னும் கதவு வைக்கலை."

கொடுத்த வேலையை முடித்துவிட்டேன். ஆபீசுக்கு வரச் சொல்லும் பேச்சு இல்லை.

ஏப்ரல் 2
மேற்பார்வையாளருக்கு ரொம்பத் திருப்தி. புதுக் கணினி அனுப்பியிருக்கிறார். தொட்டவுடன் படம் வந்து நிற்கிறது. வேலையும் இரண்டு மடங்காக வந்து நிற்கிறது.

ஏப்ரல் 6
இன்று நாற்காலியை விட்டு எழுந்தேனா?

ஏப்ரல் 11
உடம்பு துடைக்க இவரைத் திருப்பினேன். இடுப்பெலும்பின் மேல் தோல் பிய்ந்திருக்கிறது. நேற்றே சிவந்திருந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள் நான்.

"ஏங்க, புரட்டிவிடச் சொல்லி என்னைக் கூப்பிடக் கூடாதா?"

"ரொம்ப நாள் கழிச்சு கணினியைத் திட்டாம வேலை பார்த்தே. நிறுத்த மனசு வரலை."

இவருக்கு வலிக்காது. எனக்காவது உறைச்சிருக்க வேண்டாமா? என்ன பொம்பளை நான் — புத்தி எங்கே இருந்துச்சு எனக்கு?

கூப்பிட்டனுப்பிய நர்ஸ் வந்து மருந்து வைத்துக் கட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிவிடச் சொன்னார்.

ஏப்ரல் 13
பழைய கணினியை மறுபடி மேசையில் ஏற்றினேன். மத்தியானம் மேற்பார்வையாளரின் ஃபோன்.

"என்னம்மா, திடீர்னு வேகம் குறைஞ்சிடுச்சு?"

"புதுசு இங்கே சரிப்பட்டு வரலை சார்."

"பழைய அளவாவது வருமா?"

"வரும் சார்."

அடுத்த படத்தைத் திறந்தேன். முதல் சுவர் வந்தது. எழுந்து போய், புண் இல்லாத பக்கமாக இவரைத் திருப்பினேன்.