சுக் பழகும் வழிகளும் அவற்றின் நம்பகத்தன்மையும்

ஜூன் 3

எங்கள் தெருவில் கெரோஞ்சோங் என்னும் பழைய இந்தோனேசியப் பாட்டுகளைப் பாடும் இசைக்குழுவில் சுக் வாசித்த விர்யோ, மகளோடு செமாராங்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார். சுக் என்பது மூன்று நரம்புச் சிறு கித்தார்தானே, கற்க இயலாததல்ல. ஆகஸ்ட் பதினேழு சுதந்திர தின விழாவில் அந்த நாற்காலியில் நான் அமர வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் நோட்டரியாக இருந்தேன். பத்திர வேலை இல்லாமல் இத்தெருவில் எவரும் என்னை அழைத்ததில்லை.

கைவசம் உள்ளவை: பழைய புத்தகக் கடையில் வாங்கிய சுயபயிற்சி நூல், பாண்டுங் இளைஞன் ஒருவனின் காணொளிகள், கேட்டு மதிப்பெண் வழங்கும் கைப்பேசிச் செயலி.

ஜூன் 11

நூலில் நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் காணவில்லை. கிழித்தவர் யார்? எதற்காக?

காணொளி இலவசம். கைம்மாறு இல்லாத ஒப்பந்தம் — நம்பலாமா? பாதி வேகத்தில் ஓட்டினால் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தவறினால் அது அவனுக்குத் தெரியாது.

ஜூன் 20

செயலி: "அற்புதம்! 94." நேற்றும் 94.

ஜூன் 21

சோதித்தேன். மனைவி நிங்சி மிளகாய் அரைக்கும் கல்லருகே கைப்பேசியை வைத்தேன். "அற்புதம்! 91."

"சம்பலுக்கு மார்க் போடுறத உங்க நாக்கு பாத்துக்கட்டும். முதல்ல போனை எடுங்க, கல்லு பட்டுடும்," என்றாள்.

என் வாசிப்பு எப்படி என்று கேட்டேன். "பரவாயில்லையே." கருகிய மீனுக்கும் அவள் இதையே சொல்வாள்.

ஜூலை 8

குழுத் தலைவர் தர்சோனோ முன் வாசித்தேன். எல்லோரும் தலையசைத்தார்கள். தேநீர் வந்தது.

"ஐயா, நீங்க கிடைச்சது எங்களுக்குப் பெருமை. குழுவுக்குச் சட்ட ஆலோசகரா இருங்களேன்!"

ஏழு பேர் பாடும் குழுவுக்கு எதற்குச் சட்டம்? மறுத்துவிட்டு வந்தேன். நாற்காலி பற்றிப் பேச்சே இல்லை. ஏன் ஒருத்தனும் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டேங்கிறான்?

ஜூலை 9

எதிர்வீட்டு டயர்க் கடைக்காரர் தீகோர், சுமத்ராவின் பத்தாக் இனத்தவர். எங்கள் ஜாவாக்காரர்களைப் போலப் பூசி மெழுகத் தெரியாதவர். அவரிடம் கேட்டேன்.

"நேராவே சொல்லவா அண்ணே? பாட்டு ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் ஓடுறீங்க. ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. பாவம், அண்ணி காதும் காதுதானே!"

இதில் அவருக்கு என்ன ஆதாயம்? நெடுநேரம் யோசித்தேன். எதுவும் தென்படவில்லை.

ஜூலை 10

பதிவு செய்து கேட்டேன். ஐயோ.

ஜூலை 27

தினமும் பதிவு, தேதியிட்டுச் சேமிக்கிறேன், காணொளியோடு ஒப்பிடுகிறேன். செயலியை நீக்கிவிட்டேன். தீகோர்: "முதல் பாதி தாங்கலாம்."

ஆகஸ்ட் 6

காலைப் பதிவைத் தீகோருக்கு அனுப்பினேன். பதில்: "இன்னும் ரெண்டு மாசம் ஆகும் அண்ணே."

மதியம் தர்சோனோ அழைத்தார். "யோசிச்சோம் ஐயா. விழாவுக்கு நீங்களே உக்காருங்க. உங்க வாசிப்பு ரொம்ப நல்லா இருக்கு."

ஒரு மாதமாக அவர் என் வாசிப்பைக் கேட்கவே இல்லை. நாற்காலியோ நான் கேட்டதுதான். உட்கார்ந்துவிடலாமா?

"இப்ப வேண்டாம். அக்டோபர்ல வர்றேன், அப்ப கேட்டுட்டு முடிவு பண்ணுங்க," என்றேன்.

மறுமுனையில் பெருமூச்சு. பிறகு, தயங்கித் தயங்கி: "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க… பாடுறவங்க மூச்சு வாங்குறப்ப நீங்க கொஞ்சம் காத்திருக்கணும். விர்யோவும் ஆரம்பத்துல ஓடுனவருதான்."

எங்கே காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். தொலைபேசியிலேயே பாடிக் காட்டினார்.