சயோரியின் பெயரில் ஒரு லட்சம் யென்

பிப்ரவரி 18, பிற்பகல்

அன்பு மகள் சயோரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். கூரைப் பனியை மூன்று தடவை இறக்கியாயிற்று, இடுப்பு இன்னும் என்னோடுதான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், அந்த வறட்டு இருமல் விட்டதா, பட்டறையில் கணப்பு போட்டுத் தருகிறார்களா? செவ்வாய்க்கிழமை போன் செய்து, லைப்சிக்கில் குளிரா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேனே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நீ நினைத்திருப்பாய். உன் குரலைக் கேட்டதும் இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை, அதுதான் ஆயிற்று. அடுப்பில் முள்ளங்கி வேகிறது, கருகினாலும் இதை எழுதி முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை. இழுத்தடிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் நான் ஒரு தப்பு செய்தேன். இப்போது அது பத்திரிகை வரைக்கும் போய்விட்டது.

நடந்தது இதுதான். போன வருடத்துக்கு முந்தின டிசம்பரில், வருடக் கடைசி விருந்தில், அப்பாவின் முதலாளி தோகாஷி எல்லோருக்கும் சாகே ஊற்றிக்கொண்டே வந்து ஒவ்வொருவர் மடியிலும் ஒரு உறையை வைத்தார். நம் உறையில் மூன்று லட்சம் யென். போனஸ் என்று நானும் சந்தோஷப்பட்டேன். மறுநாள் அப்பாதான் தலையைச் சொறிந்துகொண்டு விளக்கினார். மாகாண சபையில் நம் தொகுதிக்காரர், ஊரே மரியாதையாகச் சென்செய் என்று கூப்பிடுகிற நிவானோ இருக்கிறாரே, அவருடைய ஆதரவாளர் சங்கத்துக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும். கம்பெனிகள் அந்தச் சங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது, தனி ஆட்கள் தங்கள் சொந்தக் காசைத்தான் கொடுக்கலாம் என்று சட்டம். அதனால் முதலாளியின் காசு பதினாலு தொழிலாளிகள் வீட்டுப் பெயர்களில் துண்டு துண்டாகப் போயிற்று. நம் வீட்டில் அப்பா பெயரில் ஒரு லட்சம், என் பெயரில் ஒரு லட்சம், மூன்றாவதற்கு ஆள் இல்லை. அந்தச் சங்கத்தின் மகளிர் அணித் தலைவியே நான்தானே, எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. நன்கொடைப் படிவத்தில் உன் பெயரை எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் பியானோ பழுது பார்ப்பவள் என்று போட்டால் நூறு கேள்வி வருமென்று இல்லத்தரசி என்று போட்டேன். கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவளைக் காகிதத்தில் குடித்தனம் வைத்துவிட்டேன், சிரிக்காதே. கையெழுத்துக்குப் பதிலாகக் கீழே முத்திரை வேண்டும். இருபது வயதில் அப்பா செய்து கொடுத்தாரே உன் முத்திரை, அங்க எல்லாத்துக்கும் கையெழுத்துதாம்மா, இதை வெச்சு நான் என்ன பண்றது என்று நீ அலமாரியில் விட்டுப்போனது, அதை எடுத்துக் குத்தினேன். இந்த ஊரில் பிள்ளைகளின் முத்திரை எல்லாம் அம்மாக்களிடம்தானே இருக்கிறது.

போன வாரம் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து சுசாகி என்று ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், காலணியில் பனியோடு வாசலில் நின்று, மகளிர் அணியைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசலாமா அம்மா என்றாள். பாவம் என்று உள்ளே கூப்பிட்டு, கோதாட்சுக் கணப்பு மேஜைக்குக் கீழே கால் நீட்டச் சொல்லி, டீயும் டர்னிப் ஊறுகாயும் வைத்தேன். பேச்சோடு பேச்சாக, உங்க மக இப்ப எங்க இருக்காங்க என்று கேட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. ஜெர்மனியில, ஆறு வருஷமாச்சு, பெரிய பெரிய அரங்கத்துப் பியானோவெல்லாம் இவதான் சரி பண்றா என்று ஆரம்பித்து, நீ அனுப்பிய படங்களையெல்லாம் மேஜைமேல் பரப்பிவிட்டேன். இங்கத்துக் குடியிருப்புப் பதிவைக்கூட நீக்கிட்டாங்களாம்மா என்றாள். ஆமாம், போகும்போதே நீக்கிட்டா, எதையும் முறையா செய்யற பொண்ணு என்றேன், என் வாயில் மண் விழ. அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். போன நவம்பரில் வெளியான நன்கொடைப் பட்டியல் அது. செகி சயோரி, இல்லத்தரசி, நம் வீட்டு விலாசம், ஒரு லட்சம். அப்ப இது யாரும்மா என்று மெதுவாகத்தான் கேட்டாள். நான் ஊறுகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன், திரும்பி வர எனக்கு வெகுநேரம் ஆயிற்று. மகளின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டாள், அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாளே, சேதி எட்டிவிட்டது போலிருக்கிறது, நிவானோவின் செயலாளர் முராய் ஸ்ட்ராபெர்ரி வைத்த மோச்சி இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார். ஏப்ரலில் தேர்தல், மனுஷன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஒரு தாளைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். செகி சயோரி ஆகிய நான் டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது என் சொந்த விருப்பத்தில், சொந்தப் பணத்தில் இந்த நன்கொடையைக் கொடுத்தேன் என்று அதில் இருக்கிறது. ஒரு முத்திரை போதும்மா, முத்திரை உங்ககிட்டதானே இருக்கு, பொண்ணுக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போட்டுடுங்க, போன்ல வேணாம், கேட்டா ஆமான்னு சொல்லட்டும், அவ்வளவுதான் என்றார். இது தப்பில்லையா என்று நான் கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தப்புதாம்மா, நான் இல்லேன்னு சொன்னேனா? சென்செய்க்கு மாசத்துக்கு நாப்பது சாவு வீடு, ஜனவரியில மட்டும் எண்பது புத்தாண்டு விருந்து, போகலேன்னா இவனுக்கு அடுத்த தடவை ஓட்டு எதுக்குன்னு கேக்கறீங்க. ரெண்டு ஆள் சம்பளம், ஆபீஸ் வாடகை, வண்டி, பெட்ரோல். அரசாங்கம் தலைக்கு இருநூத்தம்பது யென் கட்சிகளுக்குக் குடுக்குதுன்னு பேப்பர்ல படிக்கறீங்க, அது டோக்கியோவைத் தாண்டி இந்தப் பனிக்குள்ள வந்து சேருதா? நீங்க குடுக்க மாட்டீங்க, தோகாஷியும் குடுக்கக் கூடாது, அப்ப யார்தான் குடுக்கறது, சொல்லுங்க என்றார். என் அம்மாவின் சாவுக்கு நிவானோ சென்செய் வந்து ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தார் என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். அந்த ஏழு நிமிடத்துக்கு யார் காசு கொடுத்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன ஆகஸ்டில் ஓபோன் பண்டிகைக்கு நீ வந்தபோது இதே சண்டையைத்தான் நாம் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா. யார் சோறு போடறாங்களோ அவங்க பேச்சைத்தான் கட்சி கேக்கும், அதனால ஒவ்வொருத்தரும் பேரோட கொஞ்சம் கொஞ்சம் குடுங்க, ஒரே ஆள் நிறையக் குடுக்க விடாதீங்க என்றாய். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசாதே என்று நான் அப்படிக் கத்தினேன். உன் பெயர் ஏற்கனவே அவர்கள் கணக்கில் ஏறியிருந்தது எனக்குத் தெரியும், சயோரி. அதனால்தான் அத்தனை சத்தம் போட்டேன். மடியில் கனம் இருந்தது. ஆனால் நீ பாதிதான் சொன்னாய் என்றும் சொல்வேன். அதற்கு முந்தின வருடம் நான் சங்கத்துக்கு ஆள் சேர்க்கப் போனேன், வருடத்துக்கு ஆயிரம் யென், ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் விலை. நூற்றுப்பத்து வீடு ஏறி இறங்கினேன், ஒன்பது பேர் கொடுத்தார்கள். மீன்கடைக்காரி, அரசியலுக்குக் காசு குடுத்தா கையெல்லாம் நாறும் நொபுயோ அக்கா என்றாள். மீன் விற்கிற கை அது. அதே வாரம் போன் செய்து, எங்க சந்துக்குப் பனி அள்ளற வண்டி முதல்ல வர்ற மாதிரி சென்செய்கிட்டச் சொல்லி வைங்க என்கிறாள். இப்படி நாங்கள் எல்லோரும் கையை மடக்கிக்கொண்டோம், தோகாஷி மட்டும் நீட்டினார், பனி அள்ளும் குத்தகை வருடா வருடம் தோகாஷிக்கே போயிற்று, அந்தச் சம்பளத்தில்தான் நாமும் சாப்பிட்டோம், நீ ஜெர்மன் படித்ததும் அதில்தான். யாரை நான் குற்றம் சொல்ல?

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வருடம் அந்தக் கம்பெனியில் வண்டி ஓட்டிவிட்டார், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வுப் பணம். இது வெளியே வந்தால் குத்தகை போகும், குத்தகை போனால் பதினாலு வீட்டு அடுப்பு. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றுக் காலை என் முகத்தைப் பார்க்காமலே, குத்திடு நொபுயோ, அவ அங்க இருக்கா, அவளை யார் என்ன பண்ணிடப் போறாங்க, இங்க இருக்கறவங்களப் பாரு என்றார். அவர் உன்மேல் பாசம் இல்லாதவர் என்று நினைத்துவிடாதே, பயந்த மனுஷர். நானும் மறைக்கப் போவதில்லை. முராயின் தாளை எடுத்து வைத்து, உன் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டே விட்டேன். கல்யாணமானால் குடும்பப் பெயர் மாறிவிடும் என்று அப்பா அதில் உன் பெயரை மட்டும் செதுக்கச் சொன்னார் அல்லவா, அந்தச் சின்ன வட்டத்துக்குள் உன் பெயர் இடம்வலம் மாறித் தெரிந்தது. அப்போதுதான் புத்தியில் பட்டது. அந்த டிசம்பரில் நீ ஊருக்கு வரவே இல்லையே. விமானக் கட்டணம் ஏறிவிட்டது என்று நீ சொன்னதால், நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் புத்தாண்டு சூப் குடித்தோமே. உன் பாஸ்போர்ட்டைத் திறந்தால் தெரிந்துபோகும். இவர்கள் தப்பிக்க நீ பொய் சொன்னவள் ஆவாய், முதல் தடவை அறியாமல் மாட்டியவள் இந்தத் தடவை குற்றவாளியாகவே ஆவாய். நீ யாரிடமும் ஒரு யென் கைநீட்டாமல், பாஷை சரியாகப் பிடிபடாத ஊரில் தரை துடைத்துத் தொழில் கற்றவள். மையைத் துடைத்துவிட்டேன்.

இன்று காலை அப்பா வண்டி எடுத்துப் போனதும் அந்தச் சுசாகிப் பெண்ணை நானே கூப்பிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறாள். முராய் தாளை வாங்கப் பதினொரு மணிக்கு வருகிறார். பத்து மணிக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், என் பெயரில் போனதும் என் காசு இல்லை, என் மகள் பெயரில் போனதும் அவள் காசு இல்லை, படிவத்தை நிரப்பியதும் முத்திரை குத்தியதும் நான்தான் என்று. அப்பா பெயரில் போனதைப் பற்றி அவர்தான் சொல்ல வேண்டும், அதை நான் சொல்ல மாட்டேன். மகளிர் அணியிலிருந்து விலகுவதாகவும் எழுதி வைத்துவிட்டேன். அபராதமோ, அதற்கு மேலோ, வருவது வரட்டும். மீன்கடையில் இனி எனக்கு நல்ல மீன் கிடைக்காது, அதற்குத்தான் கொஞ்சம் வருத்தம். உன் முத்திரையை இந்த உறைக்குள்ளேயே பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். அது உன்னிடமே இருக்கட்டும், நானே கேட்டாலும் இனி கொடுக்காதே.

அந்தச் சுசாகிப் பெண் உன்னைக் கூப்பிட்டால், நான் பணம் கொடுக்கவில்லை, என்னை யாரும் கேட்கவில்லை என்று இந்த இரண்டை நீ சொன்னால் போதும். அம்மாவுக்கு வயசாச்சு, தெரியாம பண்ணிட்டா என்று எனக்காகப் பேசாதே. தெரிந்துதான் செய்தேன். கோபம் இருந்தால் கோபித்துக்கொள், நாலு நாள் போன் எடுக்காமல்கூட இரு, ஐந்தாம் நாள் எடுத்துவிடு. இருமலுக்கு இஞ்சியும் தேனும் போட்டுக் குடி, கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் உன் கையால் செய்ததெல்லாம் நல்லபடியாக ஒலிக்கட்டும், நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஐந்து மணிக்குத் தபால் நிலையம் மூடிவிடும், இதை முதலில் போட்டுவிட்டு வருகிறேன். போட்டுவிட்டால் இதற்குள் இருக்கும் உன் முத்திரையைத் திரும்ப வாங்க முடியாது, அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும், அழுதாலும், எனக்கு வேறு வழி இருக்காது.

உன் அம்மா,
செகி நொபுயோ