விலங்கு செய்தவனுக்கு ஒரு முறைப்பாடு

மச்சான்,

இன்று காலை பேப்பரைப் பார்த்துத் தனியே சிரித்தேன். மருமகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வெளிநாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்களாம். கைவிலங்கு, மின்தடி என்று மனிதரை வதைக்க உதவக்கூடிய சாமான்களை, வாங்குபவன் யார், எதற்கு என்று விசாரிக்காமல் இனி ஏற்றுமதி செய்யக் கூடாதாம். உன்னைத்தான் நினைத்தேன்.

நீர்வேலி வாழைத்தோட்டங்களில் எந்த இறைப்பு மெசின் நின்றாலும் திருத்த நீதானே போவாய். தொடுமுன் அது எந்த ஊரில் செய்தது என்று குனிந்து வாசிப்பாய். எண்பத்தைந்தில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் உன்னைப் பிடித்து, மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். உன் மணிக்கட்டுகளைப் பார்க்க முடியாமல் நான் நிலத்தைப் பார்த்தேன். நீயோ, மாட்டியிருந்த விலங்கிலும் கொம்பனிப் பேரும் ஊரும் அடித்திருந்தது, பாடமாக்கி வந்திருக்கிறேன் என்றாய்.

செய்தவனுக்கு முறைப்பாடு எழுத வேண்டுமாம், பம்பு பழுதானால் கொம்பனிக்கு எழுதுவதுபோல. கந்தோரில் ஆங்கிலம் தட்டச்சடிப்பவன் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. விலங்கு பழுதில்லையே, என்னத்தை முறையிடுவது என்று கேட்டேன்.

"நல்லா வேலை செய்யுது எண்டதைத்தான் எழுது, மச்சான்."

நடந்ததையெல்லாம் நீ சொல்லச் சொல்ல நான்தான் பிழைபிழையாய்த் தட்டச்சடித்தேன். நீ தேத்தண்ணி ஊற்றித் தந்தாய்.

பதிலும் வந்தது. எங்கள் ஆர்வத்துக்கு நன்றியாம். கூடவே விலங்குகளின் படம்போட்ட வழுவழுப்பான விலைப் புத்தகம். கூடுதலாக எடுத்தால் விலையில் கழிவும் உண்டாம். வயிறு நோகச் சிரித்தாய். பிறகு உன் முகம் மாறியது.

"எங்களுக்கே விக்கிறாங்கள். ஆரெண்டும் கேக்கேல்லை."

மறுபடி எழுதினோம், ஒரே கேள்வி: இதை யாருக்கு விற்கிறீர்கள்? அதற்குப் பதில் வரவில்லை. தொண்ணூறுகளில் டோர்ச் பற்றறிகூட வடக்கே வர அரசாங்கத் தடை. தேய்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்தபடி, இதுதான் ஆபத்தான சாமானாம், விலங்கு சுகமாகக் கப்பலில் வருகிறது என்று நக்கலடிப்பாய். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் காய்ச்சலாய்க் கிடந்தபோதும், பதில் பழைய விலாசத்துக்குப் போய்விடுமே என்றுதான் கவலைப்பட்டாய். அந்தக் காய்ச்சலோடு போய்விட்டாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் கேள்வி இப்போது என்னிடம். என் சின்னவன் வெளிநாட்டில் இரும்புச் சங்கிலி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அதை யாருக்கு விற்கிறீர்கள் என்று கேட்டேன். தெரியாது, நான் வெறும் வேலைக்காரன் என்றான். விசாரித்துச் சொல் என்றேன். போன கிழமை போன் எடுத்தான்.

"முதலாளிக்கும் தெரியாதாம், அப்பா."

முதலாளியையும் அறிந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.