இருந்தபடியே வெச்சிட்டேன்பா

பிள்ளைப்பாக்கம்
20-11-1986

அன்புள்ள மகன் பாண்டுரங்கனுக்கு, அப்பா கன்னியப்பன் எழுதுவது. மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை பேனா அந்த வார்த்தைக்கு வரமாட்டேன் என்கிறது. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது, சம்பா நன்றாகப் பச்சை பிடித்திருக்கிறது, அதற்குள் காட்டுப் பன்றி இரண்டு தடவை இறங்கிப் புரட்டிவிட்டுப் போய்விட்டது. தகரம் தட்டித்தான் ஓட்டுகிறோம். துப்பாக்கி இருக்கத் தகரம் எதற்கு என்று கேட்பாய். துப்பாக்கி இப்போது நம் வீட்டில் இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. மருமகள் சின்னப்பொண்ணு உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன். தந்தியில் அடங்குகிற விஷயமில்லை இது, நிதானமாக முழுதும் படி.

தீபாவளி கழிந்த சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துப்பாக்கிப் பெட்டிச் சாவி என் அரைஞாணை விட்டு இறங்குவது வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் என்று உனக்குத் தெரியும். மாடத்தில் வைத்துவிட்டுப் போனேன். சின்னப்பொண்ணு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அம்மா பின்கட்டில் இருந்தாள். உன் மகள் அம்சவல்லி நீ வாங்கி வந்த வீடியோ டெக்கில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கரண்ட் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து என் தம்பி மகன் பலராமன் நைட் ஷிப்ட் முடிந்து மறைமலை நகரிலிருந்து வந்தவன், ஒரு வாய் மோர் குடிக்க நம் வீட்டுக்குள் வந்திருக்கிறான். நின்றுபோன படத்தை இவள் தானே நடித்துக் காட்டப் புறப்பட்டுவிட்டாள். பெட்டியைத் திறந்து துப்பாக்கியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, "கைய மேல தூக்கு சித்தப்பா" என்றிருக்கிறாள். கிழவன் வெறும் துப்பாக்கிதான் வைத்திருப்பான் என்று ஊருக்கே தெரியும், அந்த நம்பிக்கையில் அவனும் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினான். வெடிச் சத்தம் கேட்டு எண்ணெயோடு ஓடி வந்தேன். அவன் வலது கையில் கட்டை விரலும் அடுத்த விரலும் போய்விட்டன. கீழே கிடந்தவனை இவள் உலுக்கி உலுக்கி, "போதும் எய்ந்திரு சித்தப்பா, படம் முடிஞ்சிடுச்சி" என்கிறாள். படத்தில் செத்தவன் அடுத்த கேசட்டில் எழுந்து ஆடுவதைப் பார்த்தே வளர்கிற குழந்தை, அவளுக்கு வேறென்ன தெரியும். டெக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. சுட்டது டெக் இல்லை.

மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு எங்கிருந்து வந்தது என்று நினைப்பாய். என் கேப்பு டப்பா குதிரின் மேல் வைத்தது வைத்தபடி இருக்கிறது. துப்பாக்கியைப் பற்றி அவள் கேட்கும்போதெல்லாம், கேப்பு இல்லாவிட்டால் அது வெறும் உலக்கை என்று நானே சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு அவளுக்கு வாங்கிக் கொடுத்த விளையாட்டுத் துப்பாக்கிக்கும் சுருள் கேப்பு என்றுதானே கடையில் கேட்டு வாங்கினேன். அவளுக்கு இரண்டும் ஒரே கேப்பு. மீதியிருந்த சுருளை மடித்து அதில் வைத்துவிட்டாள். அது என் வாயால் வந்த வினை, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாண்டு, மருந்தும் ரவையும் போட்டு இடித்துக் கெட்டிக்காத குழாயில் ஆயிரம் கேப்பு வைத்தாலும் பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக நான் கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்தது கிடையாது. பன்றிக்குச் சுடாமல் திரும்பினாலும் கொல்லையிலேயே காலி செய்துவிட்டுத்தான் வாசற்படி மிதிப்பேன்.

போலீஸ் வருவதற்குள் முற்றத்தைப் பார்த்தேன். பாதி கருகிய காகித உருண்டை ஒன்று துளசி மாடத்தின் ஓரம் கிடந்தது. நான் மருந்துக்கு மேல் தேங்காய் நார்தான் வைத்து இடிப்பேன், காகிதம் வைக்கிறவன் இல்லை. பிரித்துப் பார்த்தால் அரபு எழுத்து. நீ கொண்டுவந்த சோப்புக் கட்டியைச் சுற்றியிருந்த அதே பச்சைக் காகிதம். யாரும் பார்ப்பதற்குள் மடியில் கட்டிக்கொண்டேன். லீவில் வந்தபோது நான் குளிக்கிற நேரம் சாவியை உன் கையில்தான் கொடுத்தேன். அம்சாவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, கையில் துப்பாக்கி கொடுத்து கலர் போட்டோ எடுத்தாய். நான் கேட்டதற்கு, "சும்மா போட்டோவுக்குத்தான் எடுத்தேன், இருந்தபடியே வெச்சிட்டேன்பா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். எதற்குக் கெட்டித்தாய், கொக்கு சுடவா, பெண்ணிடம் வீரம் காட்டவா, ஏன் இறக்காமல் வைத்தாய், எனக்குத் தெரியாது. வேறு யார் எடுத்திருந்தாலும் குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்க்காமல் பெட்டியைப் பூட்டியிருக்க மாட்டேன். உன் வார்த்தையைக் கேட்டுப் பூட்டினேன், அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்கவே நேரவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவன் பெற்ற பிள்ளை வார்த்தையைக்கூடச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு அறுபத்திரண்டு வயதில் தெரிகிறது. நீ என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காதுடா.

சப் இன்ஸ்பெக்டர் யார் கெட்டித்தது என்றார். நான்தான், இறக்க மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸ் ரத்து, கேஸ் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் நடக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்காக மட்டும் சொன்ன பொய் இல்லை அது, லைசென்சில் என் பெயர்தானே இருக்கிறது. பலராமனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். லேத்தில் நிற்கிறவனுக்குக் கட்டை விரல் இல்லாமல் கம்பெனியில் இனி என்ன வேலை கொடுப்பார்களோ. அவன் என்னிடம் சொன்னது இது: "கொயந்த மேல இன்னா தப்பு பெரிப்பா. பாண்டுக்கு இப்ப எயுதாத, அவன் அங்க தனியா கீறான், கலங்கிடுவான்." உன் காகிதம் என் மடியில் இருக்க, நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். அன்றிலிருந்து அம்சவல்லி பள்ளிக்கூடம் போவதில்லை. டெக்கின் மேல் அவளே துணியைப் போட்டு மூடிவிட்டாள். சோறு ஊட்டினால் இரண்டு வாய். யார் எது கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை, பயத்தில்தான் இப்படி இருக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தாத்தா, ஒர்த்தர் தலையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டு அப்பால சொல்லிட்டா, அவங்க மெய்யாலுமே செத்துடுவாங்களா? ரொம்ப தூரத்துல இருந்தாக்கூடவா?" என்று கேட்டாள். யார் தலை என்று நான் கேட்கவில்லை. அவள் கையை எடுத்து உன் தலைமேல் வைத்து, தாத்தாவிடம் சொல்லாதே என்று நீ சத்தியம் வாங்கியிருப்பாய். ஒன்பது வயதுப் பெண் அப்பாவின் உயிரைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லிவிடலாம். சொன்னால், தன்னால்தான் வெளியே வந்தது, இனி அப்பா செத்துவிடுவார் என்று பயந்துவிடுவாள். நீ போட்ட முடிச்சை நீதான் அவிழ்க்கவேண்டும்.

அதனால் இதைப் படித்த அன்றே அவளுக்கு ஒரு கடிதம் போடு. அந்தச் சத்தியம் செல்லாது, துப்பாக்கியில் மருந்து வைத்தது அப்பா, எல்லாவற்றையும் தாத்தாவிடம் சொல், அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று பெரிய எழுத்தில் எழுது. கவரின் மேல் அவள் பெயரைப் போடு, தபால்காரர் அவள் கையிலேயே கொடுக்கட்டும். பொம்மை, சட்டை, கேசட் எதுவும் அனுப்பாதே. பலராமனுக்கு என்ன எழுதுவது என்பதை நான் சொல்லித்தர முடியாது. அந்தப் பச்சைக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், அது உன்னிடமே இருக்கட்டும்.

என் கோபம் ஆறவில்லை, ஆறும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஆனாலும் நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும் என்று ஆதிகேசவப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் நிற்காதே, ரோட்டில் பார்த்துப் போ. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது என்று தெரிந்தாலும், தான் ஒரு வார்த்தை கேட்டதால்தான் வந்தது என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

இப்படிக்கு, உன்னை நம்பிப் பெட்டியைப் பூட்டிய அப்பா,
கன்னியப்பன்